சான்றிதழ் மன்னாரில், புகை சுன்னாகத்தில்

2030ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தை மீள்புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது இலங்கை அரசு அறிவித்துள்ள இலக்கு. இத்தகைய இலக்கை வைத்த பல நாடுகள் சான்றிதழ் வர்த்தகத்தை நாடியிருக்கின்றன. கடப்பாடு உள்ள நிறுவனம் தானே காற்றாலை நிறுவவோ உயிரி எரிபொருள் தயாரிக்கவோ வேண்டியதில்லை. வேறொருவர் அதைச் செய்ததற்கான சான்றிதழைச் சந்தையில் வாங்கி ஒப்படைத்தால் கடப்பாடு தீர்ந்துவிடும். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வாகன எரிபொருளுக்கும், இந்தியாவில் 2010 முதல் மின்சாரத்துக்கும் இம்முறை வந்தது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தோடு மின்துறை மறுசீரமைப்புக்குள் நுழைந்திருக்கும் நம் நாட்டிலும் அந்த யோசனை எழாமல் இராது. எழும் நாளுக்காகக் காத்திராமல் யாழ்ப்பாணக் குடாநாடு இப்போதே ஒரு நிபந்தனையை முன்வைக்க வேண்டும். ஓரிடத்தில் எண்ணெய் எரிப்பவர், வேறோர் இடத்தில் வாங்கிய சான்றிதழைக் காட்டித் தன் பொறுப்பைக் கழித்துக்கொள்ள விடக்கூடாது.

இம்முறையின் பின்னால் உள்ள நியாயத்தை மறுக்கவில்லை. காற்று எல்லா ஊரிலும் ஒரே வேகத்தில் வீசுவதில்லை. தமிழ்நாட்டில் காற்றாலைக்கு இருக்கும் வசதி டெல்லிக்கு இல்லை. டெல்லியின் மின் விநியோக நிறுவனமும் தன் பங்கைச் செலுத்தட்டும், காற்றாலை மட்டும் காற்றுள்ள இடத்தில் எழட்டும் என்பதே இந்தியத் திட்டத்தின் எண்ணம். ஒரு மெகாவாட் மணி மின்சாரத்துக்கு ஒரு சான்றிதழ் என்று கணக்கு வகுத்தார்கள். ஆனால் வாங்கும் கடமை இருந்த விநியோக நிறுவனங்கள் பல வாங்காமலே இருந்தன. அவற்றைத் தண்டிக்க மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் தயங்கின. விற்காத சான்றிதழ்கள் குவிந்தன. 12,000 இந்திய ரூபாவில் தொடங்கிய சூரியசக்திச் சான்றிதழின் அடிவிலை 2017இல் 1,000 ரூபாவுக்கு வந்தது. சூரியக்கலங்கள் மலிவானது இதற்கு ஒரு காரணம்தான். கடமையைத் தவறவிட்டவர்களிடம் கணக்குக் கேட்க ஆளில்லாமல் போனதை அதைவிடப் பெரிய காரணமாக நான் கருதுகிறேன். அமெரிக்க அனுபவம் இன்னும் கசப்பானது. மேரிலாண்ட் மாநிலத்தில் ஒரு நிறுவனம் ஒரு துளி உயிரி டீசலும் தயாரிக்காமல் 3 கோடிக்கு மேற்பட்ட எரிபொருள் வரவுகளை, அதாவது அங்குள்ள சான்றிதழ்களை, உருவாக்கி ஏறத்தாழ 90 இலட்சம் டொலருக்கு விற்றது. அதன் உரிமையாளர் 2013இல் சிறைக்குப் போனார். அந்த வரவுகளை வாங்கிய எண்ணெய் நிறுவனங்களோ தாம் சட்டப்படி நடந்ததாகவே நம்பியிருந்தன.

மோசடியைச் சோதனையால் பிடிக்கலாம், அபராதத்தைக் கடுமையாக்கலாம். குடாநாட்டின் கவலை அவை இரண்டையும் சரிசெய்த பிறகும் தீராது. சுன்னாகத்தில் தனியார் அனல்மின் நிலையம் இயங்கிய காலத்தில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் அந்த நிறுவனம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. வற்றாத ஆறில்லாத, சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் தேங்கும் மழைநீரையே குடிக்கும் நிலம் இது. இங்கே ஒரு கிணற்றில் கலந்தது அடுத்த கிணற்றுக்கும் போகும். அப்போது சான்றிதழ் முறை நடைமுறையில் இருந்திருந்தால், அந்த நிறுவனம் வேறோர் ஊர்க் காற்றாலையின் சான்றிதழ்களை வாங்கித் தன் பசுமைக் கடமையைக் குறைவின்றி நிறைவேற்றியிருக்க முடியும். கிணறுகள் அப்படியே எண்ணெயோடு இருந்திருக்கும். அதே சுன்னாகத்தில் மின்சார சபையின் உத்துரு ஜனனி நிலையமும் உலை எண்ணெயில் இயங்கவே அமைக்கப்பட்டது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

தீவுகளின் நிலை இன்னும் தெளிவானது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே, டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்து வந்தவை. மன்னாரில் காற்றாலை சுழன்று கிடைக்கும் ஓர் அலகு மின்சாரம் நெடுந்தீவை எட்டவே எட்டாது. அதன் சான்றிதழால் நெடுந்தீவின் டீசலை ஈடுசெய்ததாக எழுதுவது வெறும் ஏட்டுக் கணக்கு. இத்தீவுகளுக்கான கலப்பு மின் திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. அவ்வாண்டு இறுதியில் அது நின்றுபோய், 2022 மார்ச்சில் இந்திய நன்கொடை உடன்படிக்கையாக மாறி, 2024 மார்ச் 1இல் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதில் 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்று, கூடவே மின்கலத் தொகுதி. இரண்டு வல்லரசுகளின் இழுபறியில் மூன்றாண்டுகள் போயின. அந்த ஆண்டுகளில் சான்றிதழ் வாங்கித் தீவுகளின் கணக்கைச் சமன்செய்யலாம் என்ற வசதி இருந்திருந்தால், திட்டத்தை விரைவுபடுத்தும் அவசரம் கொழும்பில் எவருக்கும் இருந்திராது என்பதே என் கணிப்பு.

கரியமிலவாயுவுக்கு ஊர் கிடையாது, மன்னாரில் குறைந்தாலென்ன சுன்னாகத்தில் குறைந்தாலென்ன என்று கேட்பார்கள். காலநிலையைப் பொறுத்தவரை அது சரி. அந்தக் கணக்குக்குச் சான்றிதழ் போதும். கந்தகப் புகைக்கும், புகைக்கரிக்கும், கசியும் எண்ணெய்க்கும் ஊர் உண்டு. இரண்டையும் ஒரே தாளில் தீர்க்க முயல்வதுதான் தவறு. செலவு கூடும் என்பது அடுத்த மறுப்பு. கடன்சுமையில் இருக்கும் நாட்டில் அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆயினும் படகேறித் தீவுக்குப் போகும் டீசல் மலிவான எரிபொருள் அல்ல. கிணற்று மாசுக்கான விலையை எந்த ஏலத்திலும் எவரும் சேர்ப்பதும் இல்லை. வெயிலும் காற்றும் இல்லாத இரவுக்கு எண்ணெய் வேண்டாமா என்றால், வேண்டும். எத்தனை மணி நேரம் எரித்தார்கள், அடுத்த ஆண்டு அதில் எத்தனை குறைப்பார்கள் என்பதை இடத்துக்கு இடம் பதிவுசெய்து வெளியிடச் சொல்கிறேன்.

பளைப் பகுதியில் தலா 10 மெகாவாட் திறனுடைய இரண்டு காற்றாலைத் தொகுதிகள் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சுழல்கின்றன. நாளை அவற்றுக்கும் சான்றிதழ் கிடைத்தால், அதை வாங்கித் தெற்கில் ஒரு நிறுவனம் தன்னைப் பசுமையானது என்று அறிவித்துக்கொள்ளும். அதில் தவறில்லை. காற்றாலை நிற்கும் பிரதேச சபைக்கு அந்த வருமானத்தில் சட்டப்படி ஒரு பங்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இனி விதிகளை வரைந்து மக்கள் கருத்தைக் கேட்கும்போது, வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்களும் பிரதேச சபைகளும் இந்தப் பங்கையும், தீவுகளுக்கும் சுன்னாகத்துக்கும் தனிக்கணக்கு என்ற நிபந்தனையையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். விதி வர்த்தமானியில் வெளிவந்த பிறகு மனுவோடு கொழும்புக்குப் போவதில் பயனில்லை.