முதியோர் இல்லங்களுக்கும் ஒரு சட்டம் வேண்டும்

கோவையின் புறநகர்ப் பகுதிகளில் கடந்த இருபது ஆண்டுகளில் ஒரு புதிய தொழில் வேரூன்றியிருக்கிறது. வடவள்ளி, தொண்டாமுத்தூர் போன்ற பகுதிகளில் மூத்த குடிமக்களுக்கென்றே குடியிருப்புகள் எழுந்துள்ளன. மிதமான தட்பவெப்பமும், பெயர்பெற்ற மருத்துவமனைகளும், விமான நிலையமும் வெளிமாநில முதியோரையும் இங்கே ஈர்க்கின்றன. இவற்றோடு அறக்கட்டளைகள் நடத்தும் இலவச இல்லங்கள், வாடகைக் கட்டடங்களில் இயங்கும் கட்டண இல்லங்கள், வீட்டுக்கே பராமரிப்பாளரை அனுப்பும் முகமைகள் எனப் பலவும் பெருகியுள்ளன. இவற்றை நடத்துவோருக்கு உள்ள கடமைகள் எவை, அவை மீறப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்ற கேள்விகளுக்கு மட்டும் தெளிவான விடை இல்லை.

இது ஒரு சிலரின் கவலை அன்று. தமிழக மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 2021-இல் 13.6 விழுக்காடு என்றும், 2031-இல் இது 18.2 விழுக்காடாக உயரும் என்றும் அரசின் கணிப்புகள் கூறுகின்றன. முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்குத்தான். கொங்கு மண்டலத்தில் ஓரிரு பிள்ளைகளோடு நின்றுவிட்ட குடும்பங்கள் மிகுதி. அந்தப் பிள்ளைகளும் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். தோட்டத்துச் சாளையில் தனித்து வாழ்வதும் இப்போது அச்சமூட்டுகிறது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் மூவரும், 2025-இல் சிவகிரி அருகே முதிய தம்பதியும் தோட்டத்து வீடுகளிலேயே கொல்லப்பட்டதை இப்பகுதி மறக்கவில்லை. இந்நிலையில், முதியோர் இல்லம் என்பது பிள்ளைகளால் கைவிடப்பட்டோரின் புகலிடம் மட்டுமே என்ற பழைய எண்ணம் இனிப் பொருந்தாது.

ஆனால், நமது சட்டம் அந்தப் பழைய எண்ணத்திலேயே நிற்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் முதன்மையாகப் பிள்ளைகளின் கடமையைப் பற்றியது. ஆதரவற்றோருக்காக மாவட்டந்தோறும் 150 பேர் தங்கத்தக்க ஓர் இல்லத்தையாவது மாநில அரசு அமைக்கலாம் என்கிறது அதன் 19-ஆவது பிரிவு. தர அளவுகோல்கள் குறித்து அது பேசுவதும் அவ்வாறு அமைக்கப்படும் இல்லங்களைப் பற்றித்தான். முதியவரைக் கைவிட்டுச் செல்வோருக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை உண்டு. ஆனால் தரமற்ற உணவுக்கோ, மருத்துவ அலட்சியத்துக்கோ இல்ல நடத்துநரைத் தண்டிக்கும் பிரிவு அச்சட்டத்தில் இல்லை.

இந்தக் குறையை நீக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. தனியார் இல்லங்களும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களும் கட்டாயம் பதிவு செய்யவேண்டும், உணவு, கட்டமைப்பு, மருத்துவ வசதி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகோல் வேண்டும் என்றெல்லாம் அது கூறியது. நாடாளுமன்ற நிலைக்குழு 2021-இல் அறிக்கை அளித்தது. ஆயினும் மசோதா நிறைவேறாமலேயே, 2024-இல் மக்களவை கலைக்கப்பட்டபோது காலாவதியானது.

தமிழகம் இதில் சும்மா இருந்துவிடவில்லை. மூத்த குடிமக்கள் குடியிருப்புகளுக்கான நெறிமுறைகளை 2016-இல் 83-ஆம் எண் அரசாணை வகுத்தது. மத்திய வீட்டுவசதி அமைச்சகமும் 2019-இல் மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கட்டுநர், சேவை வழங்குநர், வீடு வாங்குவோர் ஆகிய முத்தரப்பு ஒப்பந்தம் அவற்றுள் முக்கியமானது. எனினும் வழிகாட்டுதல் வேறு, சட்டம் வேறு. மீறுவோருக்கு அபராதமோ உரிம ரத்தோ உறுதியாகக் கிடைக்கும் என்ற நிலை இல்லாதவரை, நெறிமுறை என்பது நல்லவர்கள் மட்டும் பின்பற்றும் அறிவுரையாகவே இருக்கும்.

விளைவு என்ன? வீடு வாங்கியவருக்கு, கட்டடம் தாமதமானால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் துணை நிற்கும். குடியேறிய பிறகு மாதாந்தரச் சேவைக் கட்டணம் ஏறினால், சேவை நிறுவனம் மாறினால், படுத்த படுக்கையான பிறகு 'இங்கே வைத்துப் பார்க்க இயலாது' என்று சொல்லப்பட்டால் அவர் நுகர்வோர் ஆணையத்தையோ உரிமையியல் நீதிமன்றத்தையோதான் நாடவேண்டும். எண்பது வயதில் வழக்குக்காக அலைவது எத்தனை பேருக்கு இயலும்? பணம் கட்டியவர் நிலையே இதுவென்றால், இலவச இல்லத்தில் இருப்பவரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. 2018-இல் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில், காய்கறி மூட்டைகளோடு ஒரு சடலமும் உயிருள்ள ஒரு மூதாட்டியும் ஒரே வாகனத்தில் கொண்டு செல்லப்பட்டது தற்செயலாக வெளிப்பட்ட பிறகுதான், அங்குள்ள இல்லத்தின் மீது அரசின் பார்வை திரும்பியது. தற்செயலை நம்பியிருப்பது கண்காணிப்பு ஆகாது.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் இங்கே பயன்படும். முதியோர் பராமரிப்பில் நிகழ்ந்த அலட்சியங்களை 2018 முதல் விசாரித்த அரச ஆணையம் 2021-இல் இறுதி அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியான புதிய சட்டம் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சேவை வழங்குநரின் வசதியை அல்ல, முதியவரின் உரிமையை அச்சட்டம் மையமாகக் கொண்டிருக்கிறது. அரசு நிதி பெறும் வழங்குநர் அனைவரும் பதிவு செய்யவேண்டும். இல்லவாசி ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு தரப்படவேண்டும் என்ற அளவுகோலும் அங்கே உண்டு. ஆனால், அங்கே செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. நிதியின்றி விதியை மட்டும் இறக்குமதி செய்தால் இங்கே இல்லங்கள் மூடப்படும்.

இந்த அச்சம்தான் கட்டுப்பாட்டுக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம். இருபது பேருக்குச் சோறிடும் சிற்றூர் அறக்கட்டளையால் பெருநகர அளவுகோல்களை நிறைவேற்ற முடியாது. அது மூடப்பட்டால் அந்த இருபது பேரும் தெருவுக்கு வருவர். ஆகவே கடமைகளை இருவகையாகப் பிரிப்பதே முறை. பதிவு, ஊழியரின் பின்னணிச் சரிபார்ப்பு, தீத்தடுப்பு, மரணங்களையும் கடுங்காயங்களையும் உடனே தெரிவித்தல் ஆகியவை அனைவருக்கும் பொது. இவற்றுக்குப் பெரும் செலவில்லை. முன்வைப்புத் தொகையைத் தனிக் கணக்கில் வைத்தல், கட்டண உயர்வுக்கு ஒப்பந்தத்திலேயே வரம்பு, நோயுற்றவரை மாற்று ஏற்பாடின்றி வெளியேற்றத் தடை, குடியிருப்போர் குழு ஆகியவை கட்டணம் பெறுவோருக்கு உரியவை. இலவச இல்லங்கள் தரம் உயர அரசு மானியம் தரவேண்டும்.

மேற்பார்வையும் முக்கியம். பெண்கள், குழந்தைகள் சார்ந்த பணிகளையும் சுமக்கும் மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் தலையில் இதையும் ஏற்றினால் ஆய்வுகள் கோப்பில் மட்டுமே நடக்கும். சுகாதாரத் துறையினரையும் உள்ளடக்கிய மாவட்டக் குழு, முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்து, அறிக்கையைத் தமிழில் இணையத்தில் வெளியிடவேண்டும். பெற்றோருக்கு இல்லம் தேடும் பிள்ளைகளுக்கு விளம்பரத்தைவிட அந்த அறிக்கையே உதவும்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் முதியோருக்கான 25 'அன்புச்சோலை' பகல்நேர மையங்களை அறிவித்த தமிழக அரசுக்கு இப்பொருளில் அக்கறை இல்லை என்று கூறமுடியாது. நாடாளுமன்றத்தில் மீண்டும் ஒரு மசோதா வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சமூகப் பாதுகாப்பு பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலமே சட்டம் இயற்றலாம். முதியோர் பராமரிப்பைத் தொழிலாக வளர்த்துவரும் கோவை, அதைப் பொறுப்புள்ள தொழிலாக மாற்றும் சட்டத்துக்கும் முதல் குரல் கொடுக்கவேண்டும். நேர்மையாக இல்லம் நடத்துவோர் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. அவர்களின் நற்பெயரைக் காப்பதும் அத்தகைய சட்டமே.