ரேடியோவுக்கும் ஒரு பாடு

எலக்ட்ரானிக்ஸ் பற்றி ஒரு பி.காம். மாணவன் எழுதலாமா என்று கேட்காதீர்கள்... இதுவும் வரவு செலவுக் கணக்குதான்!

ரேடியோ பேசும்போதுதான் கரன்ட் செலவு என்று நினைக்கிறோம். அனுப்புகிற கருவி, வேலை முடிந்ததும் தூங்கிவிடலாம். கேட்கிற கருவி? சேதி எப்போது வரும் என்று தெரியாததால், வராத சேதிக்கும் விழித்திருக்கிறது. பாட்டரியைத் தின்பது இந்தக் காத்திருப்புதான்.

பழவேற்காடு ஏரியில் இருக்கும் பசியாவரம் மாதிரி ஊர்களுக்கு இது உயிர் விஷயம். கரையிலிருந்து 10-12 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் எடுக்காது. 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. 'ககன்' செயற்கைக்கோள் வழியாகப் புயல் சேதியை வாங்கி, புளூடூத்தில் செல்போனுக்குத் தரும். நல்ல யோசனை. ஆனால் போனில் சார்ஜ் போனால் சேதியும் போச்சு!

பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. ஏரியில் வலை போட இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை. ரேடியோவுக்கும் பாடு வையுங்கள் என்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். பென்சில் பாட்டரி இரண்டு, 2000 மில்லி ஆம்பியர் மணி. ரிசீவர் 10 மில்லி ஆம்பியர் எடுத்தால் 200 மணி நேரம், அதாவது எட்டு நாள். பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் மட்டும் விழித்தால் எண்பது நாளுக்கு மேல்! புயல் சேதி பத்து நிமிடம் பிந்தினால் குடி முழுகிவிடாது.

தூங்காமலே மைக்ரோவாட் கணக்கில் கேட்கும் ரிசீவர்களும் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குக் காது மந்தம். பக்கத்துச் சத்தம் கேட்கும், செயற்கைக்கோளின் மெல்லிய குரல் கேட்பது கஷ்டம். கடலுக்குப் பாடு முறைதான் சரி.

2024 ஆகஸ்டில் மத்திய அரசு ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் வைக்கும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கியது. வரவேற்கிறேன். ஆனால் கருவியின் விலை ஒரு தடவைச் செலவு, பராமரிப்பு தினமும். பெட்டிக்கடை பாட்டரியில் மாதக்கணக்கில் ஓடும், கேட்க மட்டுமே தெரிந்த ஒரு பெட்டி, கட்டுமரம் வரைக்கும் போக வேண்டும். அடிக்கடி விற்க முடியாத சரக்கில் எந்தக் கம்பெனிக்கும் ஆர்வம் இருக்காது. அரசுதான் மொத்தமாக வாங்கித் தர வேண்டும்.

ஸ்ரீஹரிகோட்டா இவர்களுக்குப் பக்கத்துத் தீவு. ராக்கெட் விடும் நாளில் 'கடலுக்குப் போகாதே' என்ற சேதி மட்டும் தவறாமல் வருகிறது. புயல் நாளில் நடுக்கடலுக்கும் வர வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்...