கார்த்திகைக்குக் காலி!

போன ஐப்பசியில் ஒரு சாயந்திரம் வீட்டுக்காரர் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாடகை தேதியும் இல்லை, பண்டிகையும் இல்லை. வயிற்றைக் கலக்கியது.

"தம்பி, ஒரு நாலு மாசம் வீட்டை விட்டுக் குடுங்க. சித்திரையில நீங்களே திரும்பி வந்துடலாம்."

"நாலு மாசம் நாங்க எங்க சார் இருக்கறது?"

"கிரிவலப் பாதை பதினாலு கிலோ மீட்டர். எவ்ளோ மண்டபம் இருக்கு!" என்று சிரித்தார். ஜோக்காம்.

எங்கள் வீடு திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்திலிருந்து கூப்பிடு தூரம். 1934-ல் பால் பிரண்டன் என்ற இங்கிலாந்துக்காரர் ரமணரைப் பற்றிப் புத்தகத்தில் எழுதினாலும் எழுதினார், அவர்கள் ஊரில் குளிர ஆரம்பித்தால் இங்கே வெள்ளை ஜிப்பாக்கள் முளைத்துவிடும். கூடவே வாடகையும்.

ரமணருக்கே இந்தச் சங்கடம் உண்டு. விரூபாட்ச குகையில் அவர் இருந்தபோது, குகைக்குப் பாத்தியப்பட்ட மடத்தார் பார்க்க வந்தவர்களிடம் காசு வசூலித்தார்கள். அவர் பேசாமல் வெளியேறி வேறிடத்தில் போய் உட்கார்ந்தார். கூட்டமும் அங்கே போனது. வசூல் படுத்துவிட்டது! நான் காலி செய்தால் என் பின்னால் வரப்போவது மனைவி, மகள், காஸ் சிலிண்டர்.

வேறு வீடு பார்க்காமல் இல்லை. வேங்கிக்காலில் ஒருவர், "என்ன வேலை?" என்றார். "பத்திரிகையில எழுதறேன்." "அது சரி, வேலை?"

மகள் ஸ்கூல் பக்கத்துத் தெரு. பாதி வருஷத்தில் எங்கே இழுத்துக்கொண்டு போவது? பி.காம். படித்ததற்கு அன்றுதான் பலன். பழைய காலண்டர் தாளைத் திருப்பினேன்.

"சீசனுக்கு எவ்ளோ சார் வரும்?"

"மாசம் இருபத்தஞ்சாயிரம்!"

"நாலு மாசம் ஒரு லட்சம். நான் தர்றது எட்டாயிரம், வருஷத்துக்கு 96,000. நாலாயிரம்தான் சார் வித்தியாசம். கட்டில், இன்வெர்ட்டர், வெஸ்டர்ன் டாய்லெட் உங்க செலவு. வெளிநாட்டுக்காரர் தங்கினா 24 மணி நேரத்துல ஃபாரம் வேற அனுப்பணும். மீதி எட்டு மாசத்துக்கு மட்டும் எவன் குடித்தனம் வருவான்?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே..."

அதாவது, அவர் கணக்கில் லாபம் என்பதே நான் திரும்பி வருவதுதான். திரும்பி வந்தாலும் 1,64,000. அறுபது லட்சம் பெறும் என்று அவரே சொல்லும் வீட்டுக்கு மூன்று சதவீதம்கூடத் தேறவில்லை. பேங்கில் ஆறு சதவீதம் என்று வைத்தாலும் 3,60,000. இதைச் சொன்னதும் மனுஷர் முகம் சுண்டிவிட்டது. வீட்டை விற்றுவிடப் போகிறாரே என்று எனக்கே பயம் வந்து, பேச்சை மாற்றினேன்.

"அப்ப அட்வான்ஸ் எண்பதாயிரத்தை எப்ப தர்றீங்க சார்?"

அது அவர் பெண் கல்யாணப் பந்தியிலேயே செலவாகிவிட்டது எனக்குத் தெரியும். (2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான், வேறுமாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் தனி. நான் பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்ட புத்திசாலி.)

கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார்.

"ரெண்டாயிரம் ஏத்திக் குடுங்க."

"ஆயிரம்."

ஆயிரத்து ஐந்நூறில் முடிந்தது. மனைவி காப்பி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, போகும்போது சீப்பிலிருந்து ரெண்டு பழத்தைப் பிய்த்துக்கொண்டு போனார்.