காத்திருக்குமா புற்று?

"பொறுத்திரு!"

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள், ஊரடங்கு நாட்டின் மீது இறங்கிய வேளையில் நோயாளர்க்கு வழங்கப்பட்ட மருந்து இந்த ஒரு சொல்தான். கண்ணிலே புரையா? பொறுத்திரு! மூட்டிலே வலியா? பொறுத்திரு! குடலிறக்கமா? கொரோனா ஓயட்டும், பொறுத்திரு! மக்களும் பொறுத்தனர். உலகத்தையே ஒரு கொள்ளைநோய் உலுக்கும்போது, உயிருக்கு உடனே ஊறு செய்யாத நோவுகள் ஓரிரு திங்கள் ஒதுங்கி நிற்பதிலே தவறில்லை என்று உணர்ந்தனர்.

ஆனால், தோழர்களே, அதே சொல் புற்றுநோயாளரின் செவியிலும் விழுந்ததே, அதைத்தான் கேட்கிறோம். நோயாளி பொறுப்பார், நோய் பொறுக்குமா? மனிதரை வீட்டுக்குள் அடைக்கலாம். மார்பிலே முளைத்த கட்டியை, தொண்டையிலே வளரும் புற்றை, கருப்பை வாயிலே கசியும் குருதியை எந்த ஆணை அடக்கும்?

இராமநாதபுரம் மாவட்டத்துக் கரையை எண்ணிப் பாருங்கள். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம்! வலை வீசி வாழ்வோர், கடற்பாசி எடுக்கும் பெண்கள், பனையேறிப் பிழைப்போர், மழையை நம்பி மிளகாய் விதைப்போர் வாழும் மண் இது. இங்கே ஓர் ஏழைத் தாய்க்குக் கருப்பை வாய்ப் புற்று என்று முடிவாகிறது. 2020இல் கதிர்வீச்சு மருத்துவம் வேண்டுமானால் அவள் மதுரைக்குத்தான் போக வேண்டும். இராமேசுவரத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். கதிர்வீச்சு ஒரு நாளில் முடிகிற ஊசியன்று. கிழமைக்கு ஐந்து நாள், ஐந்து கிழமை தொடர வேண்டும். இடையிடையே வேதிமருந்து, பின்னர் உள்வழிக் கதிர்வீச்சு. தொடங்கிய நாள் முதல் 56 நாட்களுக்குள் யாவும் முடிந்தாக வேண்டும் என்பது மருத்துவ நூலோர் வகுத்த வரம்பு. ஏன்? இடையே நிறுத்தினால், தப்பிப் பிழைத்த புற்றணுக்கள் முன்னைவிட விரைவாகப் பெருகும். பெற்ற கதிரும் பயனற்றுப் போகும்.

இப்போது எண்ணுங்கள்! மார்ச்சு 25 தொடங்கி மே 31 முடிய ஊரடங்கு நீடித்த நாட்கள் 68. மருத்துவம் கேட்ட காலம் 56; மனிதர் விதித்த தடை 68! சூன் 24இல் மதுரை மாநகரத்திலே மீண்டும் முழு அடைப்பு. மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்து தடையின்றி ஓடியதோ செப்டம்பர் 7ஆம் நாளுக்குப் பிறகு! புற்று இந்த நாட்காட்டியைப் பார்த்தா வளர்ந்தது?

"மருத்துவத்துக்குத் தடையில்லையே, அனுமதிச் சீட்டு கொடுத்தோமே" என்பார்கள். கொடுத்தார்கள், மறுக்கவில்லை. எவருக்குக் கொடுத்தார்கள்? இணையமும் கைப்பேசியும் உள்ளவர்க்கு. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்க்கு. வாடகைக் கார் அமர்த்தப் பணம் படைத்தவர்க்கு! சீட்டு கிடைத்தாலும், சீட்டின்மீது ஏறியா மதுரைக்குப் போவது? பேருந்து இல்லை, இரயில் இல்லை. ஊரடங்கால் படகுகள் கரையேறி நின்றன. ஏப்ரல் 15 வந்ததும் ஆண்டுதோறும் வரும் மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்துகொண்டது. வலையும் காய்ந்தது, வயிறும் காய்ந்தது. அந்த வீட்டிலே 340 கிலோமீட்டர் போய்வரக் காருக்குப் பணம் எங்கிருந்து முளைக்கும்? கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படிக்கட்டை இடித்தவன், "வீடு திறந்தே இருக்கிறது" என்று பெருமை பேசுவது போன்றதல்லவா இது!

கற்பனையிலே கண்ணீர் வடிக்கிறோம் என்று எவரும் கருத வேண்டாம். அதே மார்ச்சுத் திங்களின் இறுதியிலே, கும்பகோணம் பக்கத்து முதிய கூலித் தொழிலாளி ஒருவர், புற்றுநோயுற்ற தம் மனைவியை மிதிவண்டியில் அமர்த்தி, அவர் விழுந்துவிடாதிருக்கத் தம்மோடு சேர்த்துக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு, 120 கிலோமீட்டருக்கு மேல் மிதித்துப் புதுவை ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். நாடே படித்தது, நாடே வியந்தது. அங்கே மருத்துவர்கள் பரிவோடு சிகிச்சை தந்து, மருந்தும் கொடுத்து, ஊர்தியிலே ஊருக்கு அனுப்பி வைத்தனர். அன்பின் வெற்றி என்று அதைப் புகழ்ந்தவர் பலர். அன்பின் வெற்றிதான், அதோடு அரசின் தோல்வியும் ஆகும்! ஒரு கிழவரின் கால்கள் செய்த வேலையை ஒரு பேருந்து செய்திருக்க வேண்டாமா? மிதிக்க வலுவில்லாத கணவர்களின் மனைவியர் எத்தனை பேர்? அவர்களைப் பற்றி எந்த ஏடு எழுதிற்று?

கணக்கும் இருக்கிறது, கேளுங்கள். தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பைச் சேர்ந்த 41 மையங்களின் கணக்கை மருத்துவர்கள் 2021இல் வெளியிட்டனர். 2019 மார்ச்சு முதல் மே முடிய அம்மையங்களுக்குப் புதிதாக வந்த நோயாளர் 1,12,270 பேர். 2020இல் அதே மூன்று திங்களில் வந்தவர் 51,760 பேர். சரிபாதிக்கும் மேலே குறைவு: நூற்றுக்கு 54! பெரிய அறுவைகள் நூற்றுக்கு 49 குறைந்தன. வெளிநோயாளர் பெற்ற வேதிமருந்துச் சிகிச்சை நூற்றுக்கு 37 குறைந்தது. கதிர்வீச்சோ நூற்றுக்கு 23தான் குறைந்தது.

இந்த எண்களை ஊன்றி நோக்குங்கள். கதிர்வீச்சுக் கருவி நின்றுவிடவில்லை. தொற்றுக்கு அஞ்சாமல் மருத்துவரும் செவிலியரும் அதை இயக்கிக்கொண்டுதான் இருந்தனர். அவர்களுக்கு நம் வணக்கம் உரியது. வராமற்போன அறுபதாயிரம் பேர் யார்? புற்று அவர்களை அந்த மூன்று திங்கள் மட்டும் விட்டு வைத்ததா? நோய் வந்தது, நோயாளி வந்து சேரவில்லை. மருத்துவமனை வாசலைவிட அதற்குப் போகும் வழியே பெரிதாக அடைபட்டது.

தாமதத்தின் விலை என்ன? 2020 நவம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழிலே வந்த ஆய்வு விடை சொல்கிறது: அறுவை மருத்துவம் நான்கு கிழமை தள்ளிப்போனால், சாவின் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 8 வரை கூடுகிறது. கிழமைகள் கூடக் கூடச் சாவின் வட்டியும் ஏறுகிறது. கொரோனாவால் இறந்தோர் பட்டியலிலே இவர்கள் பெயர் ஏறாது. கொள்ளைநோய் கொன்ற கணக்கு உண்டு. கொள்ளைநோயைக் காரணங்காட்டிக் கைவிட்ட கணக்கு எந்த ஏட்டில் உண்டு?

புற்றுநோயாளருக்குக் கொரோனா தொற்றினால் பேரிடர், ஆகவே சில சிகிச்சைகளைத் தள்ளி வைத்தது அறிவுடைமை என்று மருத்துவர் கூறுவர். ஏற்கிறோம். மெல்ல வளரும் புற்றுக்குத் தேர்ந்த மருத்துவர் ஆய்ந்து சொல்லும் தவணை வேறு. பேருந்து இல்லாமையால் நேரும் தவணை வேறு. முன்னது மருத்துவம், பின்னது கைவிடல். இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டி ஒப்பேற்ற விடமாட்டோம்.

பழியெல்லாம் கொரோனாவின் தலைமீதா? கொரோனா இந்தக் கொடுமையைப் படைக்கவில்லை. மூடியிருந்த திரையைக் கிழித்துக் காட்டியது. பாம்பன் கடல்மீது 1914இல் இரும்புப் பாலம் எழுந்தது, இலங்கை வாணிகத்துக்காக. 1988இல் சாலைப் பாலம் வந்தது. 2025 ஏப்ரலிலே செங்குத்தாக உயரும் புதிய இரயில் பாலமும் வந்தது. நீராட வருவோர்க்கு 22 தீர்த்தங்கள் உண்டு. வரட்டும், நீராடட்டும், வழக்கில்லை! கடலுக்கு மேலே மூன்று முறை பாலம் கட்டத் தெரிந்த நாட்டுக்கு, தீவிலே வாழும் ஏழைக்கும் அவள் சிகிச்சைக்கும் இடையே ஒரு பாலம் கட்டத் தெரியவில்லையே, அதுதான் நம் வழக்கு!

நம்மிடமும் குறை உண்டு. "வெளியே சொன்னால் வெட்கம்", "விதி வந்து விட்டது" என்று கட்டியை மறைத்து, கயிறு கட்டி, காலங்கடத்தும் பேதைமை இன்னும் ஒழியவில்லை. கருப்பை வாய்ப் புற்றையும் மார்புப் புற்றையும் தொடக்கத்திலே கண்டால் குணப்படுத்தலாம் என்பது மெய்யாயிருக்க, பரிசோதனைக்கே பெண்கள் தயங்குகின்றனர். கொள்ளைநோய்க் காலத்திலோ பெரும்பாலான மையங்களில் கண்டறியும் முகாம்களே ஒடுங்கின. வெட்கம் ஒரு பூட்டு. ஊரடங்கு மறு பூட்டு!

முடியாதது எதையும் நாம் கேட்கவில்லை. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாற்றிலே 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிக் காட்டவில்லையா? 1969 பிப்ரவரி 3இல் அறிஞர் அண்ணாவை நம்மிடமிருந்து பறித்ததும் இந்த நோயே. முதலமைச்சருக்கு அமெரிக்கா வரை சென்று மருத்துவம் தேட முடிந்தது. மண்டபத்து மீனவத் தாய்க்கு மதுரை வரையேனும் வழி வேண்டாமா?

கேட்கிறோம், கேட்டுக்கொண்டே இருப்போம். 2022 சனவரி 12இல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது, மகிழ்கிறோம். கல்லூரி வந்த மாவட்டம் ஒவ்வொன்றிலும் புற்றைக் கண்டறியவும், வேதிமருந்து தரவும், கதிர்வீச்சு வழங்கவும், வலி தணிக்கவும் முழுமையான வசதி வேண்டும். 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடிப் போகலாம் என்று மெய்ப்பித்தது. புற்றுநோயாளரின் வீட்டுக்கும் அந்தக் கால்கள் தவறாமல் நடக்கட்டும். இனியொரு கொள்ளைநோய் வந்து ஊரடங்கு ஆணை எழுதப்படுமானால், அதன் முதல் வரியிலேயே புற்றுநோயாளரின் பயணத்துக்கு அரசு ஊர்தி, தங்குவதற்கு இடம், உடன் வருவோர்க்கு உணவு என்று எழுதப்பட வேண்டும். ஒரு மருத்துவமனை கொரோனாவுக்கு ஒதுக்கப்படுமாயின், அங்கே சிகிச்சை பெற்ற புற்றுநோயாளர் எங்கே போவது என்பதற்கு அன்றே விடை அறிவிக்கப்பட வேண்டும்.

ஏழையைப் பார்த்துப் "பொறுத்திரு" என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு என்றால், அதற்கு முன் புற்றைப் பார்த்து அதே சொல்லைச் சொல்லட்டும். அது கேட்டால், நாங்களும் கேட்கிறோம்!