நடவாததா, நட்டமா?

1940 டிசம்பர். ஐரோப்பா பற்றி எரிகிறது. அமெரிக்கக் கார்த் தொழிலாளர் சங்கத் தலைவர்களுள் ஒருவர் வால்டர் ரூதர். கருவிப் பட்டறையில் கைகாய்த்தவர். அவர் ஒரு திட்டம் தந்தார்: கார் ஆலைகளில் உறங்கும் இயந்திரங்களை ஒன்றுதிரட்டுங்கள், நாளொன்றுக்கு 500 போர் விமானங்கள் செய்யலாம்!

கார் வேறு, விமானம் வேறு. நடவாத காரியம் என்றனர் ஆலையதிபர்கள். நடவாததா, நட்டமா? 1941-இல் மட்டும் 37 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களைச் செய்து குவித்த கூட்டமல்லவா!

பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்த பின்னர், 1942 பிப்ரவரியில்தான், அரசாணையால் கார் உற்பத்தி நின்றது. ஆகஸ்டிலேயே, ஜெனரல் மோட்டார்சின் லிண்டன் கார் ஆலை செய்த வைல்ட்கேட் போர் விமானம் வானேறிற்று! 500 என்பது மிகைக்கணக்கென்றே வைத்துக்கொள்வோம். நடவாது என்ற பொய்க்கு 14 மாதங்கள் பலியாயினவே, தோழர்களே! அந்த 14 மாதத்து இலாபம் எவர் பெட்டியில் விழுந்தது?