குடிக்கும் தாள், குடிக்கும் மணல்

ஆங்கிலத்தில் 'பிபியுலஸ்' என்று ஒரு சொல் உண்டு. அடிக்கடி கண்ணில் படாது. அகராதியைப் புரட்டினால் இரண்டு அர்த்தம் போட்டிருக்கும்: ஈரத்தை நன்றாக உறிஞ்சக்கூடியது, மதுவில் நாட்டமுள்ளவர். மை ஒற்றும் தாளுக்கும் டாஸ்மாக் வாசலுக்கும் என்னடா சம்பந்தம் என்று தோன்றும்.

சம்பந்தம் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'பிபெரே' என்றால் குடிப்பது. 'பெவரேஜ்' அதிலிருந்து வந்ததுதான். சமஸ்கிருத 'பிபதி'யும் அதே குடும்பம். அந்த வகையில் தமிழில் புழங்கும் 'பானம்' தூரத்துச் சொந்தம். ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் வந்தபோது உறிஞ்சும் பொருளைத்தான் குறித்தது. குடிப்பிரியர் தலையில் அதைக் கட்டியது பிற்பாடு.

நுண்ணுயிரியல் படிப்பவர்களுக்கு இது லேபில் வரும். கிராம் சாயம் ஏற்றிக் கழுவிய ஸ்லைடை 'பிபியுலஸ் பேப்பர்' வைத்து ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. தமிழ் மீடியத்தில் இருந்து வந்த பையன் அந்தப் பெயரைப் பார்த்தே மிரள்வான். 'உறிஞ்சுதிறன் மிக்க தாள்' என்று மொழிபெயர்த்துக் கொடுத்தாலும் மனப்பாடம்தான் செய்வான். குடிக்கிற தாள் என்று சொல்லிவிட்டுப் போகலாமே! பூரி எண்ணெய் குடிக்கிறது, புதுச்சுவர் பெயிண்ட் குடிக்கிறது, பழைய லாரி டீசல் குடிக்கிறது என்று வீட்டிலே பேசுகிறவன்தானே அவன்? லத்தீன்காரர்கள் செய்ததும் இதே வேலைதான்.

ரோமானியக் கவிஞர் விர்ஜில், விவசாயம் பற்றிய தன் 'ஜியார்ஜிக்ஸ்' நூலில் மணலுக்கு இந்த அடைமொழியைக் கொடுத்திருக்கிறார். அது ஏன் பொருத்தம் என்பதைத் தேனி மாவட்டத்து மயிலாடும்பாறைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. (அகழாய்வு நடந்த மயிலாடும்பாறை வேறு, அது கிருஷ்ணகிரியில்.) வருசநாட்டு மலையில் இருந்து இறங்கும் மூல வைகை இந்த வழியாகத்தான் வருகிறது. மழை ஓய்ந்தால் மேலே ஓட்டம் வற்றிவிடும், அடியில் ஈரம் இருக்கும். தாளில் நுண்புழை ஏற்றத்தால் நீர் பரவுகிறது. மணலில் துகள்களுக்கு இடையே இறங்கித் தங்குகிறது. வேலை வேறு, பெயர் ஒன்று.

ஆனால் குடிகாரன் குடித்ததைத் திருப்பித் தரமாட்டான், மணல் தரும். ஆற்றுக்குள் உறைகிணறு இறக்குவது அந்த நம்பிக்கையில்தான். லாரி லாரியாக மணலை அள்ளியபின் மிஞ்சும் பாறையும் களிமண்ணும் அப்படிக் குடிக்காது. வெள்ளம் வந்த வேகத்தில் ஓடிவிடும், கோடையில் உறைகிணற்றில் வாளி தரைதட்டும்.