மணல்தொட்டிக்குள் ஒரு ஊசி



போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்குப் போயிருந்தோம். மணல்தொட்டிக்குள் விளையாடிக்கொண்டிருந்த எங்கள் நாலு வயது மகள் எதையோ தூக்கிக் காட்டினாள். பார்த்தால், மூடி இல்லாத ஊசி! நல்ல காலம், குத்தவில்லை. அன்றிரவு எங்களுக்கு நித்திரையே இல்லை. "இந்தத் தூள்காரர் எல்லாரையும் பிடித்து மறியலில் போட்டால் என்ன?" என்று கோபத்தோடு கதைத்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையிலும் அதையே சொன்னோம். பொதி கட்டும் பகுதியில் எங்களோடு நிற்கும் போர்த்துக்கீச அம்மா, பென்சனுக்குப் போக நாள் எண்ணிக்கொண்டிருப்பவர், கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "நீங்கள் பிளாட்ஸ்பிட்ஸைக் கண்டதில்லை அல்லவா?"

அவர் சொன்னதையும் பிறகு நாங்கள் விசாரித்து அறிந்ததையும் புதிதாக வந்த குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

சூரிச் பிரதான ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேசிய அருங்காட்சியகத்தை ஒட்டி, சீல் ஆறும் லிம்மாட் ஆறும் சேரும் இடத்தில் இருக்கிறது பிளாட்ஸ்பிட்ஸ் பூங்கா. இன்று நாங்கள் பிள்ளைகளோடு போய் இருந்து சாப்பிடுகிற இடம். ஆனால் 1980களின் கடைசியில் அங்கே ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து பட்டப்பகலில் தூள் வாங்கி, அங்கேயே ஊசி போட்டார்கள். ஒரே ஊசியைப் பலர் பாவித்ததால் எயிட்ஸ் பரவியது. 1985இல் ஊசி கொடுக்கும் வைத்தியர்களை கன்டோன் அதிகாரிகள் தடுத்தும் பார்த்தார்கள். நோய் கூடியதுதான் மிச்சம். 1990களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் வருடத்துக்கு 400 பேர் அளவில் போதைப்பொருளால் இறந்தார்கள். போர்த்துக்கீச அம்மாவின் தம்பியும் அந்தக் காலத்தில்தான் போனாராம்.

1992 பெப்ரவரியில் பூங்காவை மூடினார்கள். வாசலை மூடினால் வருத்தம் மாறுமா? கூட்டம் பக்கத்துத் தெருக்களுக்குள் புகுந்து, கடைசியில் கைவிடப்பட்ட லெட்டன் ரயில் நிலையத்தில் போய் இறங்கியது. அதை 1995 பெப்ரவரியில் மூடினார்கள். இந்த முறை கூட்டம் திரும்பவில்லை. ஏன்?

இங்கேதான் எமிலி லீபர்ஹெர் என்ற பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரி கன்டோனில் 1924இல் பிறந்தவர். இந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத காலத்தில், 1969இல், பெர்ன் நகருக்கு ஊர்வலம் போன பெண்களுக்கு முன்னால் நின்றவர். 1970இல் சூரிச் நகர அரசாங்கத்துக்குத் தெரிவான முதல் பெண். 1994 வரை சமூகநலத் துறை அவர் கையில் இருந்தது. 2011இல் காலமானார்.

அவருடைய கருத்து இதுதான்: தூளுக்கு அடிமையானவர் நோயாளி. நோயாளியைத் தெருத்தெருவாகத் துரத்தினால் நோயும் களவும் தெருத்தெருவாகப் போகும். ஆகவே மிக மோசமாக அடிமையானவர்களுக்கு வைத்தியர் மேற்பார்வையில் அரசே ஹெரோயின் கொடுக்கட்டும். விற்கிறவனுக்கு ஆள் கிடைக்காது. இதைச் சொன்னதற்காக அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. 1994இல் அந்தச் சிகிச்சை பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. கேட்டவர் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. 18 வயது நிரம்பி, இரண்டு வருடமாவது அடிமையாக இருந்து, வேறு சிகிச்சைகள் செய்தும் சரிவராதவர்களுக்கு மட்டும்தான்.

இந்த நாடு இதற்கு வைத்த பெயர் நான்கு தூண்கள். வராமல் தடுப்பது, சிகிச்சை, சேதத்தைக் குறைப்பது, பொலிஸ் நடவடிக்கை. நாலும் சேர்ந்து நிற்க வேண்டும். லெட்டன் மூடப்பட்டபோது படுக்க இடம், சுத்தமான ஊசி, மருந்து, அவரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு எல்லாம் ஏற்கெனவே இருந்தன. 1999இல் மக்கள் வாக்களித்து ஹெரோயின் சிகிச்சைக்கு 54 வீதம் சம்மதம் சொன்னார்கள். 2008இல் அதை நிரந்தரச் சட்டமாக்க 68 வீதம்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2023 கோடையில் சூரிச் 4ஆம் வட்டாரத்து பூங்கா ஒன்றில் கிராக் புகைப்பவர்கள் கூடி, அயலவர்கள் பயந்துபோனார்கள். "அரசே நஞ்சு கொடுப்பதா?" என்று கேட்கிற எங்கள் பெரியவர்களின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. நாங்களும் அப்படித்தான் கேட்டோம். ஆனால் பிளாட்ஸ்பிட்ஸைக் கண்ணால் கண்டவர்களுடைய பதிலையும் கேட்க வேண்டும்.

இது வெள்ளைக்காரர் பிரச்சினை, எங்களுக்கு என்ன என்று நினைக்கவேண்டாம். 1980களில் இங்கே முதலில் வந்த எங்கள் ஆட்களையே தூள் விற்பவர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. சிலர் அகப்பட்டது உண்மை. ஆனால் தோல் ஜாக்கெட் போட்ட தமிழன் எல்லாருமே கள்ளன் என்றானது. அந்த அவமானத்தின் தழும்பால்தானோ என்னவோ, இன்று எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று வழிதவறினால் நாங்கள் மூடி மறைக்கிறோம்.

இங்கே எங்கள் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு தாய் தனியாக இருந்தார். மகன் "பழுதாகிப் போனான்" என்று கதை. நாங்கள் வேறு மேசையில் போய் இருந்தோம். அந்தத் தாய் சாப்பிடாமலே எழும்பிப் போனார். மணல்தொட்டி ஊசியைப் பார்த்து நடுங்கிய அன்றும் அந்த முகம் எங்களுக்கு ஞாபகம் வரவில்லை. போர்த்துக்கீச அம்மா தம்பியைப் பற்றிச் சொன்னபோதுதான் வந்தது. இப்போது அந்த வீட்டுக்குப் போய் வருகிறோம். பொடியன் வைத்தியரிடம் போகத் தொடங்கியிருக்கிறான். அதற்குமேல் சொல்வது எங்கள் வேலை அல்ல.

கடைசியாக, நினைவில் வைத்திருக்கச் சில விடயங்கள். ஊசியைக் கண்டால் வெறுங்கையால் தொடவேண்டாம், மூடி போட முயலவும் வேண்டாம். பிள்ளைகளை விலக்கிவிட்டுப் பொலிசுக்கு 117இல் சொல்லுங்கள். குத்திவிட்டால் சவர்க்காரமும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். எயிட்ஸ் கிருமியைத் தடுக்கும் மருந்தைத் தாமதிக்காமல் தொடங்கினால்தான் பலன். யாராவது மயங்கிக் கிடந்தால் 144. வீட்டுக்குள் பிரச்சினை என்றால் குடும்ப வைத்தியரிடம் மனம்விட்டுக் கதையுங்கள். நோயாளி சொன்னதை இரகசியமாக வைத்திருக்க வேண்டியது இங்கே வைத்தியருக்குச் சட்டக் கடமை. விசா போய்விடுமோ என்ற பயத்தில் பிள்ளையை இழக்காதீர்கள்.